விழுந்த மரத்தை அங்கேயே விடுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

காட்டுக்குள் போனால் நாம் அண்ணாந்துதான் பார்க்கிறோம். உயர்ந்த மரம், கிளையில் ஒரு பறவை என்று கண் மேலேயே போகும். இன்று உங்களைக் கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்கிறேன். பாதையோரம் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. பட்டை பாதி கழன்றிருக்கிறது, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. செத்த மரம்தானே என்று தாண்டிப் போய்விடுவோம். ஆனால் அந்தக் காட்டில் பெரிய வேலை ஒன்று அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறது.

பட்டையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை இழைகள் விசிறிபோல விரிந்து கட்டையோடு ஒட்டிக் கிடக்கும். பூஞ்சையின் உடல் அதுதான். வெளியே தெரிகிற காளான், வித்துகளைப் பரப்புவதற்காகத் தலைகாட்டும் ஓர் உறுப்பு. ஓர் இழையின் தடிமன் பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால்தான் மரத்தின் செல்களுக்குள் புகுந்து போக முடிகிறது. வாயும் வயிறும் கிடையாது. இழை தன் நொதிகளை வெளியே சுரக்கிறது, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. வெகுகாலம் பூஞ்சைகளைத் தாவரங்களோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைக்குத் தனி இடம் கொடுத்தார். பரிணாம வழியில் அவை தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்பதும் பின்னால் தெரியவந்தது.

சரி, கட்டைக்கு வருவோம். மரத்துக்கு உறுதி தருபவை முக்கியமாக செல்லுலோஸும் லிக்னினும். லிக்னின் லேசில் உடையாது. அதை முழுமையாகச் சிதைக்கும் திறமையில், மரத்தை வெளுக்க வைத்து மட்கச் செய்யும் வெண்மட்கல் பூஞ்சைகளுக்கு இணை இல்லை. அவற்றில் ஒன்றிலிருந்து லிக்னினை உடைக்கும் நொதியை ஆய்வாளர்கள் கண்டெடுத்தது 1983-இல்தான். கட்டையைப் பார்த்தே எந்த வகைப் பூஞ்சை அங்கே வேலை செய்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மரம் வெளுத்து, ஈரமாக, நார்நாராகப் பிரிந்தால் லிக்னின் போய்விட்டது என்று பொருள். பழுப்பு நிறமாகி, கட்டம் கட்டமாக வெடித்து, கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தால் அது வேறு பூஞ்சை. செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஊசியிலைக் காடுகளில் இந்தப் பழுப்புப் பொடி நெடுங்காலம் மண்ணில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நாற்றுகள் அதில் வேர் பிடிக்கும்.

மரங்கொத்தி பொந்து குடைய மரத்தைத் தேடும்போது, பூஞ்சை உள்ளே இளக்கி வைத்த மரமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் உட்காருகிறது. அந்தப் பொந்தில் பின்னால் வேறு பறவைகளும் சிறு விலங்குகளும் குடியேறுகின்றன. பின்லாந்தின் காட்டு உயிரினங்களில் 20 முதல் 25 சதவீதம், அதாவது 4,000 முதல் 5,000 இனங்கள், ஏதோ ஒரு வகையில் செத்த மரத்தை நம்பியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தண்ணீருக்குள்ளும் இதே வேலைதான். 1942-இல் சி. டி. இங்கோல்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஓடையில் மட்கிக் கிடந்த ஆல்டர் மர இலைகளில் ஒரு பூஞ்சைக் கூட்டத்தைக் கண்டு விவரித்தார். அவற்றில் பலவற்றின் வித்துகளுக்கு நான்கு கைகள் உண்டு. ஓடும் நீரில் இலைமேல் பட்டதும் பற்றிக்கொள்ள வசதியான அமைப்பு. பாறையிடுக்கில் ஒதுங்கும் ஓடை நுரையைக் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இவை அழகாகத் தெரியும். இலையைக் கடித்து வாழும் நீர்ப்பூச்சிகளுக்குப் பச்சையாக விழுந்த இலை அவ்வளவாகப் பிடிக்காது. பூஞ்சை படர்ந்து மிருதுவாகி, சத்து ஏறிய இலையைத்தான் தேடித் தின்னும். அந்தப் பூச்சியை மீன் தின்கிறது. மீன்வரைக்கும் போகிற சங்கிலியில் பூஞ்சை ஒரு கண்ணி.

உயிரோடு நிற்கிற மரத்தின் வேருக்கு வருகிறேன். வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வதற்கு 'மைக்கோரைசா' என்று 1885-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிராங்க் பெயர் வைத்தார். மரம் சர்க்கரை தருகிறது; வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் இழை கொண்டுவருகிறது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டு பழைய செடிப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு அப்போது ஒழுங்கான வேர்கூட இல்லை! இந்தத் துணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புவேர்ட்டோ ரிக்கோ நல்ல சாட்சி. அங்கே பைன் நட்டுப் பார்த்த முயற்சிகள் பல காலம் தோற்றன, கன்றுகள் மஞ்சளாகிக் கருகின. 1950-களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அவை தழைத்தன. அந்த மண்ணோடு பூஞ்சையும் வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தாய்மரம் பூஞ்சை வலை வழியாகப் பிள்ளைமரங்களுக்குச் சோறு ஊட்டுகிறது, மரங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்றெல்லாம் கேட்டிருப்பீர்கள். பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையே கார்பன் கைமாறுவதை 1997-இல் கனடாவின் காட்டியல் ஆய்வாளர் சூசன் சிமார்டின் குழு காட்டியது உண்மை. ஆனால் அதன்மேல் கட்டப்பட்ட பெரிய கதைக்குக் காட்டில் கிடைத்த ஆதாரம் போதாது என்று, அதே துறையில் உழைத்த மூவர் 2023-இல் விரிவாக எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம்தான். பூஞ்சை உண்மையில் செய்கிற வேலையே பிரமிக்க வைக்கிறது. அதற்கு மேல் ஜோடனை வேண்டாம்.

அப்புறம், பூஞ்சை கொல்லவும் செய்கிறது. இதைத் தீமை என்றே பழகிவிட்டோம். பெலீஸ் நாட்டு மழைக்காட்டில் சில இடங்களில் மட்டும் பூஞ்சைக்கொல்லி தெளித்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்த முடிவு: தெளித்த இடங்களில் நாற்றுகளின் இனவகை குறைந்துவிட்டது. காரணம் இதுதான். தாய்மரத்தடியில் நெருக்கமாக முளைக்கும் ஒரே இனத்துக் கன்றுகளை அந்த இனத்துக்கே உரிய நோய்ப்பூஞ்சைகள் கழிக்கின்றன. அந்த இடைவெளியில் வேறு இனம் முளைக்கிறது. மழைக்காட்டில் இத்தனை வகை மரம் சேர்ந்து நிற்பதற்கு இந்தச் சாவுகளும் காரணம்.

நாம் இடம் மாற்றிவிட்ட பூஞ்சையின் கதை வேறு. ஆசியக் கன்றுகளோடு அமெரிக்கா போன, செஸ்ட்நட் மரங்களைக் கொல்லும் பூஞ்சைக் கருகல் நோய் 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போயின. விலங்கு வணிகத்தோடு பரவிய கைட்ரிட் பூஞ்சையால் 500-க்கும் மேற்பட்ட தவளை முதலிய நீர்நில வாழ்வன இனங்கள் நலிந்தன, அவற்றில் 90 அற்றே போயிருக்கலாம் என்கிறது 2019-இன் ஆய்வு. சொந்த மண்ணில் பெரிய சேதம் செய்யாத பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி வளராத இடத்துக்குப் போனதும் பேரழிவு செய்தது.

உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நாம் பெயர் வைத்திருப்பது ஏறத்தாழ ஒன்றரை லட்சத்துக்கு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 2025 மார்ச்சில் பூஞ்சைகள் சுமார் 1,300 இனங்களை எட்டின. அதிலேயே 411 அழியும் அபாயத்தில் இருக்கின்றன. ஆகவே காட்டை நிர்வகிப்பவர்களிடம் என் கோரிக்கை இரண்டு. உயிரினக் கணக்கெடுப்பில் தாவரம், விலங்கோடு பூஞ்சையையும் சேருங்கள். விழுந்த மரங்களைச் சுத்தம் என்ற பெயரில் அள்ளி எரிக்காதீர்கள். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மரம் வெட்டுகிறவர்கள் இப்போது சில மரங்களை ஆள் உயரத்துக்கு மேலேயே வெட்டி, அடிமரத்தை வேண்டுமென்றே நிற்க விடுகிறார்கள். நல்ல தொடக்கம், ஆனால் அதுமட்டும் போதாது. சில பூஞ்சைகள், வேறொரு பூஞ்சை ஏற்கெனவே மட்கவைத்த பருத்த கட்டையில் மட்டுமே வந்து குடியேறும். அவற்றுக்குப் பெரிய மரங்கள் விழவேண்டும், விழுந்த இடத்திலேயே பல பத்தாண்டுகள் கிடக்கவேண்டும்.