அரைத்தாளில் ஒரு பாகப்பிரிவினை

நேயர்களுக்கு வணக்கம்.

பாகப்பிரிவினை நடந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வேலியோரத்துத் தென்னை யாருக்கு என்பதை முடிவுசெய்யவே நாலு பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசுவார்கள். நான் சொல்லப்போகிற பாகப்பிரிவினை சில நிமிடங்களில் முடிந்தது. சொத்துக்காரர் யாரும் அங்கே இல்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944 அக்டோபர் 9, இரவு நேரம். மாஸ்கோ கிரெம்ளின் மாளிகையில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் சோவியத் ரஷ்யாவின் தலைவர் ஸ்டாலினும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சர்ச்சில் ஒரு அரைத்தாளை எடுத்து, எந்த நாட்டில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று கணக்கு எழுதுகிறார். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம். கிரீஸில் பிரிட்டனுக்கு 90. யூகோஸ்லாவியாவும் ஹங்கேரியும் பாதிக்குப் பாதி. பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75. தாளை மேசையில் தள்ளுகிறார். ஸ்டாலின் நீலப் பென்சிலை எடுத்து, பெரிதாக ஒரு டிக் போட்டுத் திருப்பித் தள்ளுகிறார்.

சர்ச்சிலுக்கே கொஞ்சம் உறுத்தியிருக்கிறது. லட்சக்கணக்கான மக்களின் தலைவிதியை இப்படிப் போகிறபோக்கில் முடித்துவிட்டோமே, தாளைக் கொளுத்திவிடலாமா என்று கேட்டாராம். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின். சர்ச்சில் பிற்பாடு தாமே எழுதிவைத்த கதை இது. மறுநாள் முதல் இரு வெளியுறவு அமைச்சர்களும், ஈடனும் மொலட்டோவும், கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி பேரம் பேசி ஹங்கேரியில் ரஷ்யாவின் பங்கை 80 ஆக்கினார்கள்.

ஒரு நாட்டில் 80 சதவீதச் செல்வாக்கு என்றால் என்ன? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நடந்தது என்னவோ, யார் படை எங்கே நின்றதோ அங்கே அவர்களுக்கு நூற்றுக்கு நூறு. கிரீஸ் விஷயத்தில் மட்டும் ஸ்டாலின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதே டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் பிரிட்டிஷ் படை கம்யூனிஸ்டுகளைச் சுட்டபோது, மாஸ்கோ வாயே திறக்கவில்லை.

ஐரோப்பாவைக் கிரிமியாவில் உள்ள யால்டாவில் பங்குபோட்டார்கள் என்று சொல்வது வழக்கம். 1945 பிப்ரவரியில் அங்கே மாநாடு கூடியபோது சோவியத் படையான செஞ்சேனை பெர்லினுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் நின்றது. அப்புறம் பங்குபோட என்ன இருக்கிறது?

ஆனால் ஜெர்மனியில் காகிதமும் ஜெயித்தது. தோற்ற ஜெர்மனியில் யார் படை எந்தப் பகுதியை ஆள்வது என்ற ஆக்கிரமிப்பு மண்டலங்களின் எல்லைக்கோட்டை, அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஆகிய மூன்று நாட்டு அதிகாரிகள் லண்டனில் உட்கார்ந்து 1944லேயே வரைந்துவிட்டார்கள். அமெரிக்கப் படை அந்தக் கோட்டைத் தாண்டி லைப்சிக் நகரத்தையே பிடித்திருந்தது. ஒப்பந்தப்படி 1945 ஜூலையில் பின்வாங்கியது. சோவியத் மண்டலத்துக்குள் இருந்த பெர்லினிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டியிருந்தது அல்லவா?

அந்தக் கோடு மோட்லராய்ட் என்ற குக்கிராமத்துக்கு நடுவிலும் ஓடியது. ஐம்பது பேர் இருந்தால் அதிகம். ஊருக்கு நடுவே ஒரு ஓடை, எட்டுவைத்தால் தாண்டிவிடலாம். அது பவேரியா, துரிங்கியா என்ற இரண்டு ஜெர்மன் மாநிலங்களுக்கும் பழைய எல்லை. பேருக்குத்தான் எல்லை, கொள்வினை கொடுப்பினை எல்லாம் ஒன்றுதான். புதிய கோடு வந்ததும் ஓடைக்கு இந்தப் பக்கம் அமெரிக்க மண்டலம், அந்தப் பக்கம் சோவியத் மண்டலம். முதலில் அனுமதிச் சீட்டோடு போய்வந்தார்கள். 1952இல் பலகை வேலி. 1966இல் 700 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர். எதிர்க்கரைச் சொந்தக்காரரைப் பார்த்துக் கிழக்கு, அதாவது சோவியத் பக்கத்தார் கையசைப்பதுகூடக் குற்றம். அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த ஊருக்கு வைத்த பெயர் ‘குட்டி பெர்லின்’.

1989 டிசம்பரில் சுவரில் ஒரு வழி திறந்தார்கள். கொஞ்சம் சுவரைப் பார்வைக்காக விட்டுவிட்டு, மற்றதை அடுத்த ஆண்டு இடித்தார்கள். மாநில எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் அந்தச் சின்ன ஊருக்கு இன்றும் இரண்டு அஞ்சல் எண்கள். வணக்கம் சொல்வதற்குக்கூட, எதிரே வருகிறவர் பவேரியப் பக்கம் என்றால் ‘க்ரூஸ் காட்’ என்பார், துரிங்கியப் பக்கம் என்றால் ‘கூட்டன் டாக்’ என்பார். நன்றி, வணக்கம்.