பேனல் கணக்கு: பழைய கார் வியாபாரி பெயின்டுக்கு என்ன கொடுக்கிறார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சின்னக் காரின் இடது பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டுக் கல் மதிலை ஒட்டி ஒதுக்குகிற எந்த வண்டிக்கும் வருகிற அடிதான் இது. அந்தக் கதவை நீங்கள் பட்டறைக்குக் கொண்டுபோனால் டிங்கரிங்கும் பெயின்டும் சேர்த்து ஏறக்குறைய 3,500 ரூபாய் சொல்வார்கள், 4,000-மும் சொல்வார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் 6,000 வரை போகும், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. அதே கதவைக் கார் கன்சல்டிங் நடத்துகிற பழைய கார் வியாபாரி கொண்டுபோனால் 2,000 ரூபாய் அளவில் முடிந்துவிடுகிறது. வண்டியையும் நிறத்தையும் பொறுத்து முன்பின் ஆகும். ஆனாலும் வியாபாரிக்கு ஏறக்குறைய பாதி விலை என்பதுதான் நடைமுறை.

அந்தப் பாதி எங்கே குறைந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பழைய வண்டி வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பட்டறைக்காரருக்கும் பயன் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமாகக் குறைகிறது. மீதி வேலையில் குறைகிறது. வேலையில் குறைந்தது, நம் மலையில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் வெளியே வந்துவிடும்.

முதலில் நியாயமான பகுதி. வியாபாரி மாதம் நான்கைந்து வண்டி தருகிறார். இன்றைக்கே வேண்டும் என்று நிற்பதில்லை. பட்டறையில் வேலை குறைந்த நாளில், வேறு வண்டிக்குப் பெயின்ட் கலக்கும்போதே சேர்த்துக் கலந்து, ஒரே மூச்சில் மூன்று வண்டிக் கதவுகளை அடித்துவிடலாம். இன்சூரன்ஸ் சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டாம், எஸ்டிமேட் எழுத வேண்டாம். பணம் கையில் வந்துவிடும். இதற்காகப் பட்டறைக்காரர் 500, 700 ரூபாய் விட்டுக்கொடுத்தால் அவருக்கும் கட்டும்.

ஆனால் பொருள் கணக்கு யாருக்கும் இறங்கிவராது. ஒரு கதவை முறையாகச் செய்ய, பள்ளத்தை நிரப்புகிற பட்டி 200 கிராம், அடிப்பூச்சாக டூ-கே பிரைமர் 150 மில்லி, தின்னர் கலந்த நிறம் 250 மில்லி, அதற்கு மேல் அடிக்க, இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்த, நிறமில்லாத கிளியர் 250 மில்லி, நாலைந்து வகை எமரி தாள், மாஸ்கிங் டேப் எல்லாம் வேண்டும். சுமாரான தரத்தில் வாங்கினாலே 900 ரூபாய் ஆகிவிடும். டிங்கருக்கு அரை நாள், பெயின்டருக்கு அரை நாள், தேய்க்கிற பையனுக்கு அரை நாள் கூலி சேர்த்தால் 2,000-ஐத் தொட்டுவிடுகிறோம். வாடகையும் கரன்ட் பில்லும் லாபமும் இன்னும் சேரவில்லை. அதனால் 1,500 ரூபாய்க்குக் கதவு முடித்துத் தருகிறேன் என்றால் எதையோ விடப்போகிறார்கள் என்று அர்த்தம்.

எதை விடுகிறார்கள்? பள்ளத்தில் வாஷரை வெல்டு வைத்து இழுத்து, சுத்தியலும் பின்னால் தாங்குகிற டாலி இரும்பும் கொண்டு தகட்டைச் சமமாக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதை விட்டுவிட்டுப் பள்ளம் நிறையப் பட்டியை அப்பினால் பத்து நிமிடம். பட்டி 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 3-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் கதவை அடித்துச் சாத்துகிற அதிர்விலேயே விரிசல் விடும். காட்டுமாடு கொம்பால் முட்டிய ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில், இது இன்னும் மோசம். அங்கே தகடு நீண்டுபோயிருக்கும். விரலால் அழுத்தினால் டப்பா மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வரும். சூடு காட்டிச் சுருக்கிய பிறகுதான் பட்டி வைக்க வேண்டும். சுருக்காமல் வைத்த பட்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நிற்காது.

அடுத்தது கழற்றுவது. கைப்பிடி, கண்ணாடி ஓர பீடிங், கதவு ஓர ரப்பர் இவற்றைக் கழற்றி அடித்தால் பெயின்ட் ரப்பருக்கு அடியிலும் ஓடி முடியும். கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால் ரப்பரின் ஓரத்தோடு ஒரு கோடு நிற்கும். நகத்தால் வருடிப் பார்த்தால் தட்டும். மழைத் தண்ணீர் அந்தக் கோட்டில்தான் முதலில் புகுகிறது.

இப்போது பட்டி விஷயத்துக்கு வருகிறேன். மலைப் பட்டறைகளில் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். பாலியெஸ்டர் பட்டியில் பெரும்பகுதி மாவுக்கல் பொடி. அது தண்ணீரை உறிஞ்சும். தூசி பறக்கக் கூடாது என்று வாட்டர் பேப்பரை நனைத்துப் பட்டியைத் தேய்க்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கீழே கோவை வெயிலில் அது ஓரளவு காய்ந்துவிடும். ஊட்டியில் மூடுபனி இறங்கிய மதியத்தில் அது காயாது. மேலே பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்று பூச்சு போட்டு ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறோம். தகட்டில் துரு கிளம்புகிறது. அடுத்த வெயில் காலத்தில் ஈரம் ஆவியாகிப் பெயின்டைத் தூக்கும்போது கடுகு அளவில் கொப்புளங்கள் வரிசையாக எழும். பட்டியை 80-ஆம் நம்பர், 180, 320 என்று உலர்வாகவே தேய்க்க வேண்டும். தண்ணீர் தொடுவது பிரைமர் போட்டுக் காய்ந்த பிறகு, 600-ஆம் நம்பர் பேப்பரில்தான்.

ஹார்ட்னர் அளவிலும் கை தவறுகிறது. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர். குளிராக இருக்கிறதே, சீக்கிரம் இறுகட்டும் என்று இரண்டு மடங்கு பிழிந்தால் மிச்ச ஹார்ட்னர் மேலே ஏறி வெள்ளை வண்டியில் மஞ்சள் திட்டாகத் தெரியும். அதற்கு மேல் எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் மறையாது. பட்டியைச் சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குளிர் என்றதும் கிளியர் கோட்டைச் சொல்லியாக வேண்டும். கிளியரும் ஹார்ட்னரும் சேர்ந்து இறுகுவதற்கு 20 டிகிரி வெப்பமாவது வேண்டும். பெயின்ட் அடிக்கிற மூடிய அறையான பூத்துக்குள் தகடு 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் இறுகிவிடும். 10 டிகிரிக்குக் கீழே போனால் அந்த வினை கிட்டத்தட்ட நின்றே போகும். மார்கழி, தையில் உறைபனி கொட்டுகிற ஊட்டியில் பூத் இல்லாத கொட்டகையில் மாலை நான்கு மணிக்கு அடித்த கிளியர், காலையில் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். உள்ளே தின்னர் இன்னும் போகவில்லை. பாலிஷ் போட்டு, பளபளவென்று நிறுத்தி, வண்டியையும் விற்றுவிடுவார்கள். இருபது நாளில் பளபளப்பு செத்துப்போகும். வாங்கியவர் திரும்பி வந்து நிற்பார்.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டியை முதல் நாள் சாயந்திரமே கொட்டகைக்குள் ஏற்றிவிட வேண்டும். வெளியே பனியில் நின்ற தகடு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். காலையில் உள்ளே கொண்டுவந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன் மேல் படியும். அந்த ஈரத்தின் மேல் அடித்தால் பெயின்ட் வெள்ளை பூத்துப்போகும், பிறகு உரியும். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் அடித்து, இரண்டு, இரண்டரை அடி தள்ளி ஐ.ஆர். எனும் அகச்சிவப்பு லாம்ப் வைத்துச் சூடு காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பெயின்ட் அடிக்கக் காற்று தருகிற கம்ப்ரசர் டாங்கின் அடி வால்வைத் தினமும் காலையில் திறந்து, உள்ளே தேங்கிய தண்ணீரை இறக்க வேண்டும். கூடலூர், தேவாலா பக்கம் ஆடி மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை இறக்கினாலும் மிகையில்லை.

இந்தத் தொல்லைக்காகவே இங்குள்ள வியாபாரிகள் சிலர் வண்டியை மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறக்கிவிடுகிறார்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். டிரைவர் பேட்டா, பெட்ரோல், போக வர 1,500 ரூபாயாவது ஆகும். ஒரு கதவுக்காக இறக்கினால் கட்டாது. கதவு, ஃபெண்டர், பானெட் என்று தனித்தனித் தகடு ஒவ்வொன்றும் ஒரு பேனல். மூன்று பேனல், நான்கு பேனல் என்றால் பூத் உள்ள பட்டறையில் அடிப்பதுதான் மலிவு, ஏனென்றால் இரண்டாம் முறை அடிக்க வேண்டியிருக்காது.

சரி, ஒரு வண்டிக்கு மொத்தம் எவ்வளவு செலவழிக்கலாம்? 2,00,000 ரூபாய்க்கு வாங்கி 2,40,000-க்கு விற்கிற வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் 18 சதவீதம் கட்ட வேண்டும். சின்னக் கார்களுக்கு 2025 ஜனவரி வரை அது 12 சதவீதமாக இருந்தது. பெயின்டுக்கான செலவு அந்த வித்தியாசத்தில் கழிவதில்லை. ஆக வரி மட்டும் 6,000 ரூபாய்க்கு மேல். பாடி வேலைக்கு 10,000 போட்டால் கையில் 24,000-க்குள்தான் நிற்கும். அதிலிருந்து புரோக்கர் கமிஷன், போட்ட பணத்துக்கு வட்டி, கடை வாடகை எல்லாம் போக வேண்டும். அதனால்தான் இந்த விலை வண்டிக்குப் பாடி வேலைக்கென்று 8,000, 10,000 ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்க வியாபாரிகள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரியானது. அந்த 10,000-ஐ ஐந்தாறு பேனலுக்குப் பிரித்துக் கொடுத்து எல்லாவற்றையும் அரைகுறையாக முடிப்பதுதான் தவறு.

கை பழகிய வியாபாரி முதலில் பெயின்ட் வேண்டாத வேலையைப் பார்ப்பார். முழு வண்டிக்கும் ரப்பிங், பாலிஷ் 1,500-லிருந்து 2,000 ரூபாய். மங்கிப்போன ஹெட்லைட்டைத் தேய்த்துத் தெளிவாக்க ஒரு 500. குரங்கு குதித்து பானெட்டிலோ ரூஃபிலோ விழுந்த பள்ளத்தில் பெயின்ட் உடையாமல் இருந்தால், உள்ளிருந்து கம்பி விட்டுத் தள்ளி எடுத்துவிடலாம், பெயின்டே தேவையில்லை. பள்ளத்துக்கு 500-லிருந்து 1,000 வரை. மீதமுள்ள பணத்தில் ஒரு பம்பர், கண்ணில் அடிக்கிற இரண்டு பேனல், அவ்வளவுதான். பம்பருக்குக் கட்டாயம் பிளாஸ்டிக் பிரைமர் போடச் சொல்லுங்கள். போடாத பம்பரில் வாட்டர் சர்வீஸ் தண்ணீர் பட்டதும் பெயின்ட் தோலாகக் கழன்று வரும்.

சில்வர், மெட்டாலிக் நிறங்களில் ஒரு கதவை மட்டும் அடித்தால் பக்கத்துக் கதவோடு ஒட்டாது. நிறத்தைப் பக்கத்துப் பேனல் வரை மங்கலாக இழுத்து, அந்தப் பேனலுக்கும் கிளியர் அடிக்க வேண்டும். அதற்குக் கூடுதலாக 1,000 ரூபாய் கேட்டால் கொடுத்துவிடுவது நல்லது. முத்து வெள்ளைக்கு மூன்று அடுக்கு வேலை, அதுவும் விலை கூடும். சாதா வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை.

முழு வண்டிக்கும் புதுப் பெயின்ட் அடிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வியாபாரி விலையிலேயே 30,000 ரூபாய் போகும். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, எதை மறைக்க அடித்தீர்கள் என்பதுதான். கீறல் விழுந்த ஒரிஜினல் பெயின்டுக்கு இருக்கிற மதிப்பு, பளபளக்கிற இரண்டாம் பெயின்டுக்குக் கிடையாது. நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றியாக வேண்டும்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. பெயின்ட் கனம் பார்க்கிற மீட்டர் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் ரூஃபில் வைத்துப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் கை வைத்திருக்க மாட்டார்கள். கம்பெனிப் பெயின்ட் 90-லிருந்து 150 மைக்ரானுக்குள் காட்டும். ஒரு பேனல் 250 காட்டினால் மறுபடி அடித்திருக்கிறது. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலை செய்யாது. மீட்டர் இல்லையென்றால் ஃபிரிட்ஜ் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், பட்டி கனமாக உள்ள இடத்தில் ஒட்டாமல் நழுவும். கதவில் 250 இருந்தால் விலை பேசலாம். ரூஃபைத் தாங்குகிற பில்லரிலோ கதவுக்குக் கீழுள்ள ரன்னிங் போர்டிலோ பானெட்டுக்கு அடியில் உள்ள ஏப்ரானிலோ பட்டி இருந்தால் பெயின்ட் கணக்கே பேச வேண்டாம், அந்த வண்டி பெரிய அடி வாங்கியது.

கடைசியாக, மலை வண்டிக்கென்றே ஒரு சோதனை. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்தில் சில்வர் ஓக் இலையும் பைன் ஊசியும் சேர்ந்து மக்கி, தண்ணீர் போகிற துளையை அடைத்திருக்கும். கதவின் கீழ் விளிம்பிலும் சிறு துளைகள் உண்டு. புதுப் பெயின்ட் அடிக்கும்போது அவற்றைப் பட்டியாலும் பெயின்டாலும் மூடிவிடுகிறார்கள். ஒரு குவளைத் தண்ணீரைக் கதவுக் கண்ணாடி ஓரத்தில் ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் கதவின் அடியிலிருந்து சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே, பட்டறைக்காரர் கண் முன்னால், ஒரு மெல்லிய கம்பியால் அந்தத் துளைகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.