அறிவியலா, இலக்கியமா: ஒண்ணை விட்டுடணுமா? (கேள்வி பதில்)

வணக்கம். தண்டையார்பேட்டையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், படிச்சிடறேன். "நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். கவிதையும் எழுதுவேன். காலேஜ்ல, கதை கவிதைன்னு திரிஞ்சா மார்க் என்னாகும்னு கேக்கறாங்க. வியாசர்பாடியில ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போனேன். விஞ்ஞானம் மனுஷனோட ஈரத்தை உறிஞ்சிடும்னு ஒருத்தர் பேசினார், எல்லாரும் கை தட்டினாங்க. ரெண்டுல ஒண்ணை விட்டுடணுமா? இந்தப் பிளவு எங்கேருந்து வந்துச்சு?"

தம்பி, கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். இதைப் பத்திப் பேசற யாரும் சி.பி. ஸ்னோ பேரைத் தாண்டிப் போக முடியாது. இங்கிலாந்துக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோட கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வுக்கூடத்துல ஆராய்ச்சி பண்ணிட்டு, அப்புறம் நாவலாசிரியரா பேர் வாங்கினவர். பகல்ல விஞ்ஞானிங்களோட வேலை, ராத்திரி எழுத்தாளருங்களோட பேச்சுன்னு ரெண்டு பக்கமும் பழகினவர். 1959 மே 7-ஆம் தேதி கேம்பிரிட்ஜ்ல 'இரண்டு பண்பாடுகள்'னு ஒரு சொற்பொழிவு குடுத்தார். படிச்சவங்க ரெண்டு கூட்டமா பிரிஞ்சுட்டாங்க, ஒரு கூட்டம் பேசறது இன்னொண்ணுக்கு எட்டலன்னார். இலக்கியம் படிச்சவங்க கூடியிருந்த இடங்கள்ல அவர் கேட்டிருக்கார்: உங்கள்ல எத்தனை பேருக்கு வெப்ப இயக்கவியலோட இரண்டாம் விதி தெரியும்? யாருக்கும் தெரியல, கேட்டதும் பிடிக்கல. ஷேக்ஸ்பியர் எழுதினதுல ஒண்ணாவது படிச்சிருக்கீங்களான்னு கேக்கறதுக்குச் சமமான கேள்விதான் அதுன்னார். விஞ்ஞானிங்களையும் அவர் விடல. அவங்கள்ல பல பேருக்கு நாவலாசிரியர் டிக்கன்ஸே மலையா இருக்குன்னு வருத்தப்பட்டார்.

1962-ல லீவிஸ்ங்கற இலக்கிய விமர்சகர் அதே கேம்பிரிட்ஜ்ல எழுந்து ஸ்னோவைக் கிழிச்சார். கருத்தை விட்டுட்டு ஆளை அடிச்சது அதிகம், அது எனக்குப் பிடிக்கல. ஆனா அவர் கேட்ட ஒண்ணு நியாயம். வசதி ஏறிட்டா போதுமா, மனுஷன் எதுக்காக வாழறான்னு யார் கேக்கறதுன்னார். அதை ஒதுக்க முடியாது.

இந்தச் சண்டையில ஒரு விஷயம் அமுங்கிப் போச்சு. 1963-ல ஸ்னோ தன்னோட பேச்சைத் திரும்பிப் பார்த்து எழுதினார். அந்தச் சொற்பொழிவுக்கு முதல்ல 'பணக்காரரும் ஏழையும்'னு தலைப்பு வெக்க நெனச்சேன், மாத்தாமலே இருந்திருக்கலாம்னு தோணுதுன்னு சொன்னார். அவருக்கு உண்மையில வலிச்சது அதுதான். விஞ்ஞானம் தெரிஞ்ச நாடு செழிக்குது, தெரியாத நாடு பசியில கிடக்குது, படிச்சவங்களோ ரெண்டு கட்சியா நின்னு ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டறாங்க. அதனாலதான் இதை இங்கிலாந்துக்காரங்க வீட்டுப் பிரச்சினையா நான் பார்க்கல. நம்ம வடசென்னைக்கு இது ரொம்ப சொந்தமான பிரச்சினை.

ஸ்னோ கேட்ட அதே இரண்டாம் விதியை எடுத்துக்கோங்க, தம்பி. நீங்க படிச்சிருப்பீங்க. வெப்பத்தை முழுசா வேலையா மாத்த முடியாது, ஒரு பங்கை வெளியில விட்டே ஆகணும். இப்ப எண்ணூருக்கு வாங்க. அனல் மின் நிலையத்துல நிலக்கரி எரியுது. அந்த வெப்பத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, கொஞ்சம் கூடக்குறைய, மின்சாரமா கம்பியில போகுது. மிச்சம் எங்க போகும்? புகைபோக்கி வழியா கொஞ்சம், குளிரூட்டற தண்ணி வழியா நிறைய. அந்தச் சூடான தண்ணி கழிமுகத்துல கலக்குது. தண்ணி சூடாச்சுன்னா அதுல கரைஞ்சிருக்கற ஆக்சிஜன் குறையும். அங்க வலை போடற அண்ணன் "தண்ணி சுடுதுப்பா, மீனு ஒதுங்கிடுச்சு"ன்னு சொன்னா, அவர் இரண்டாம் விதியோட விளைவைத்தான் சொல்றார். விதி தெரிஞ்சவர் அந்தப் பேச்சைக் கேக்கறதில்லை. அந்தப் பேச்சை உருக்கமா கதையில எழுதறவருக்கு விதி தெரியறதில்லை. நடுவுல இருக்கறது எண்ணூர்ல கடலைச் சேர்ற கொசஸ்தலையாறு.

இன்னொண்ணு, காத்து. பி.எம். 2.5-ன்னு சொல்ற நுண்தூசிக்கு நம்ம நாட்டுல 24 மணி நேர சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னது 15. அது ஒரு பக்கம் இருக்கட்டும், சராசரியைப் பாருங்க. ஒரு கணக்குக்குச் சொல்றேன். 22 மணி நேரம் 40, ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும் 200. கூட்டி வகுத்தா 53 சொச்சம். வரம்புக்குள்ள இருக்குன்னு அறிக்கை எழுதிடலாம், கணக்குல தப்பே இல்லை. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் தூங்க முடியாம உக்காந்திருந்த பாட்டி "நடுராத்திரியில நெஞ்சை அடைக்குதும்மா"ன்னு சொல்றாங்க பாருங்க, சராசரியில கரைஞ்சு போன உச்சம் அவங்க வாயிலதான் இருக்கு. அதைக் காது குடுத்துக் கேட்டு, ஒரு வாக்கியமும் சிதையாம எழுதத் தெரியணும். அது இலக்கியப் பயிற்சி. எழுதினதைக் கையில வெச்சுக்கிட்டு, மணிக்கு மணி அளவு எங்கன்னு கேக்கத் தெரியணும். அது விஞ்ஞானப் பயிற்சி. ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருந்தா, ஒரு திட்டம் வர்றதுக்கு முன்னாடி நடத்தற மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துல மேடைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க நின்னு பதில் சொல்லியே ஆகணும்.

தமிழுக்கு இது புதுசும் இல்லை. பெ.நா. அப்புஸ்வாமி வக்கீலுக்குப் படிச்சவர். வாழ்நாள் பூரா தமிழ்ல விஞ்ஞானம் எழுதினார், அதே கையால சங்கப் பாட்டை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனார். பெரியசாமித் தூரன் கவிஞர், கீர்த்தனைகள் எழுதினவர். 1954-லேருந்து 1968 வரைக்கும் 10 தொகுதியா வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியர் அவர்தான். முருகனைப் பாடினவர், பூச்சியைப் பத்தியும் வாயுவைப் பத்தியும் வந்த கட்டுரைகளைத் திருத்திக்கிட்டு உக்காந்திருந்தார். இவங்களை இலக்கியக் கூட்டத்துலயும் பேசறது குறைவு, விஞ்ஞான வகுப்புலயும் பேசறது குறைவு. எனக்கு அதுல உண்மையாவே கோபம் உண்டு.

அப்ப நம்ம ஊர்ல பிளவு எங்க விழுது? பத்தாவது முடிச்ச பிள்ளைகிட்ட ஃபர்ஸ்ட் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பான்னு கேக்கறோமே, அங்க. பதினஞ்சு வயசு. மார்க்கை வெச்சுப் பிரிக்கறோம், அதையே புத்திசாலி, சுமார்னு முத்திரையாக் குத்திடறோம். அதுக்கு மேல, விஞ்ஞானம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல நடக்குது, வீடும் கடலும் தமிழ்ல நடக்குது. ஸ்னோவும் இங்கிலாந்துல பிள்ளைங்களைச் சின்ன வயசுலயே ஒரே பாடத்துல அடைக்கறதைத்தான் பெரிய குற்றமாச் சொன்னார்.

அந்தக் கூட்டத்துல பேசினவருக்கு ஒரு வார்த்தை. நட்சத்திரம் எப்படி எரியுதுன்னு தெரிஞ்சா ராத்திரி வானம் சின்னதாயிடாது. காலேஜ்ல மார்க் கேக்கறவங்களுக்கு டார்வினைக் காட்டலாம். முப்பது வயசு வரைக்கும் கவிதை எனக்கு இன்பமா இருந்துச்சு, இப்ப ஒரு வரிகூடப் படிக்க முடியலன்னு வயசான காலத்துல எழுதி வெச்சிருக்கார். இன்னொரு தடவை வாழக் கிடைச்சா வாரத்துக்கு ஒரு தடவையாவது கவிதை படிப்பேன், பாட்டு கேப்பேன்னார். பரிணாமத்தைக் கண்ட மனுஷன் அதை இழப்புன்னுதான் சொல்றார்.

அதனால எதையும் விடாதீங்க, தம்பி. நேரம் எப்படிக் கிடைக்கும்னா, ரெண்டையும் தனித்தனியா வெக்காதீங்க. இந்த மாசம் லேப்ல என்ன பண்றீங்களோ, அதை உங்க அம்மாவுக்குப் புரியற தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதுங்க. அப்புறம் உங்க பக்கத்துல வரப்போற ஏதாவது ஒரு திட்டத்தோட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுச் சுருக்கத்தை எடுங்க. மத்திய அரசோட 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி அதைத் தமிழ்லயும் குடுத்தாகணும். உக்காந்து வரி வரியாப் படிங்க, எந்த எண்ணுக்கு விளக்கம் இல்லையோ அதுக்குக் கீழ கோடு போடுங்க. ரெண்டையும் எனக்கு அனுப்புங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து படிப்போம்.