டயல் முள் அடங்கிவிட்டது! லாரி என்ஜின் ஃப்ளைவீல் ஹவுசிங் அலைன்மென்ட்

இந்த டயல் கேஜின் முள்ளைப் பாருங்கள் நண்பர்களே, முள்ளை மட்டும் பாருங்கள். ஃப்ளைவீலை மூடி, என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடுதான் ஃப்ளைவீல் ஹவுசிங். அதன் மையம் க்ராங்கின், அதாவது என்ஜினின் முக்கியச் சுழல்தண்டின், மையத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். க்ராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றுகிறேன். மேலே, வலது, கீழே, இடது, மறுபடி மேலே. மொத்த ஆட்டமே 0.06 மில்லிமீட்டர்தான்! போன வீடியோவில் இதே ஹவுசிங் 0.34 காட்டியதைப் பார்த்தீர்கள். கையைக்கூடத் துடைக்காமல் கேமராவைப் போட்டுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்த 0.34 எதனால் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு சிலிண்டர் டீசலில் க்ராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று லைன் போரிங் போட்டோம், ஞாபகம் இருக்கும். பேரிங்கைக் கீழிருந்து மூடும் கேப்களின், ப்ளாக்கில் உட்காரும் பரப்பைக் கொஞ்சம் சீவி, திரும்ப மாட்டி, குறித்த டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்கி, எல்லாத் துளைகளையும் ஒரே கம்பியில் கடைகிறார்கள். துளை சரியான வட்டத்துக்கு வரவேண்டும் என்றால் ப்ளாக் பக்கமும் கொஞ்சம் உலோகம் போயே தீரும். போன அளவுக்கு க்ராங்கின் மையம் மேலே ஏறுகிறது. இந்த ப்ளாக்கில் அது கிட்டத்தட்ட 0.17 மில்லிமீட்டர்.

க்ராங்க் ஏறிவிட்டது. ஆனால் ஃப்ளைவீல் ஹவுசிங்கை இடம் மாறாமல் பிடித்திருக்கும் டவல் பின்களின் (உருண்டை எஃகு முளைகளின்) துளைகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஹவுசிங் பழைய மையத்தில், அதில் மாட்டும் கியர் பாக்ஸும் பழைய மையத்தில். என்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் ஒரு முனையை கியர் பாக்ஸ் பேரிங் இறுக்கிப் பிடித்திருக்கிறது, மறுமுனை க்ராங்கில் இருக்கும் பைலட் பேரிங்கில். இரண்டு மையமும் பொருந்தாவிட்டால் அந்த ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைக்கப்படுகிறது. 2000 ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு 2000 தடவை. பைலட் பேரிங் கத்தும், கிளட்ச் பிளேட் ஹப்பின் ஸ்ப்ளைன் பற்கள் தேயும், கிளட்ச்சை முழுக்க மிதித்தாலும் கியர் கரகரக்கும், ஓடும்போதே கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். உடனே கியர் பாக்ஸைப் பிரித்துப் போடுவார்கள். கியர் பாக்ஸ் மேல் ஒரு தப்பும் இருக்காது!

எனக்குப் பற்றிக்கொண்டு வரும் ஒரு பேச்சு, "போல்ட்டை இறுக்கு, தானா உட்காரும்" என்பது. உட்காராது. இரண்டு டவல் பின்கள் எங்கே பிடிக்கின்றனவோ அங்கேதான் ஹவுசிங் நிற்கும். போல்ட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும்.

சரி, அளக்கிற விதம். மேக்னட் ஸ்டாண்டை க்ராங்கின் ஃப்ளாஞ்சில் வைத்து, டயல் முனையை ஹவுசிங்கின் உள்வட்டத்தில் தொடவைக்கிறோம். ஸ்டாண்டின் கம்பி குட்டையாக, தடிமனாக இருக்கவேண்டும். நீளக் கம்பி தன் எடைக்கே தொங்கி, இல்லாத கோணலைக் காட்டும். கீழே பூஜ்யம் வைத்தேன். இடது 0.19, வலது 0.15, மேலே 0.34. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு: இடதும் வலதும் கூட்டினால் 0.34, மேலேயும் கீழேயும் கூட்டினாலும் 0.34. இரண்டும் ஒத்துப்போனால் அளவை நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்டாண்டு நகர்ந்திருக்கிறது, இல்லையென்றால் உள்வட்டமே வட்டமாக இல்லை. அப்புறம், 0.34 என்பது முள்ளின் மொத்த ஆட்டம். மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.17. லைன் போரிங்கில் ஏறிய அதே 0.17! அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகமே போய்விட்டது.

எவ்வளவு வரை விடலாம் என்பதை உங்கள் என்ஜினின் கையேட்டில் பாருங்கள். நான் 0.10-க்கு மேல் விடமாட்டேன்.

இப்போது அந்த டவல் பின். இதைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. இரண்டில் ஒன்று உருவியதும் வந்துவிட்டது. இன்னொன்று முட்டுத்துளைக்குள் துருப்பிடித்து, ப்ளாக்கோடு ஒன்றாகிவிட்டது. வெளியே தெரிந்தது ஒரு நகத்தளவு. ப்ளையர் வழுக்கியது, வைஸ் கிரிப் அதைக் கடித்து மொட்டையாக்கியது. ட்ரில் போடலாமே என்பார்கள். கெட்டிப்படுத்திய எஃகு அது, பிட் பக்கத்து வார்ப்பிரும்புக்குள் ஓடிவிடும், துளை நாசம். கடைசியில் பின் தலையில் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, நன்றாக ஆறவிட்டு, நட்டில் ஸ்லைட் ஹேமரை (எடையைச் சறுக்கி அடித்து வெளியே இழுக்கும் கருவியை) பூட்டி இழுத்தேன். வெல்டிங் சூடு துருவின் பிடியை உடைத்துவிட்டது. "டொக்" என்று வெளியே வந்த அந்தச் சத்தத்தை இரண்டு தடவை போட்டுக் காட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங்கின் எர்த் கிளிப்பை அந்தப் பின்னுக்குப் பக்கத்திலேயே ப்ளாக்கில் மாட்டவேண்டும். கரன்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் போச்சு.

பிறகு இரண்டு முகங்களையும் பழைய பெயின்ட், கேஸ்கெட் பசை எதுவும் இல்லாமல் எண்ணெய்க்கல்லால் துடைத்தெடுத்தேன். லிக்விட் கேஸ்கெட்டைக் கண்டபடி அப்புவது எனக்கு அறவே பிடிக்காது, எங்கே தடிமன் கூடுகிறதோ அங்கே முகம் சாய்ந்துவிடும். பின் இல்லாமல் ஹவுசிங்கை மாட்டி, போல்ட்டுகளை லேசாக மட்டும் இறுக்கி, பித்தளைச் சுத்தியலால் கீழிருந்து மேலே தட்டினேன். ஒரு தட்டு, ஒரு பார்வை. வரவேண்டிய இடத்துக்கு வந்ததும் குறுக்கு வரிசையில் முழு டார்க். இறுக்கும்போது ஹவுசிங் நகரும், அதனால் இறுக்கிய பிறகு பார்க்கும் அளவுதான் அளவு. முதலில் காட்டிய 0.06 அப்படி எடுத்தது.

ஒன்றைச் சொல்லாமலே வந்துவிட்டேன், பின்னால் போவோம். உள்வட்டம் மட்டும் போதாது, ஹவுசிங்கின் முகத்தையும் டயலால் சுற்றிப் பார்க்கவேண்டும். அப்போது க்ராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடியே சுற்றுங்கள். த்ரஸ்ட் வாஷரில் இருக்கும் என்ட் ப்ளே (க்ராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி) முள்ளில் சேர்ந்துவிட்டால், நேராக இருக்கும் முகமும் கோணலாகத் தெரியும்.

ஹவுசிங் நின்ற இடத்திலேயே இரண்டு துளைகளையும் சேர்த்து ரீமர் போட்டு, அதாவது துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கி, அடுத்த பெரிய அளவு டவல் பின்களை அடித்துவிட்டேன். அடித்த பிறகும் 0.06. மையம் விலகிய சிறு டவல் பின்கள் என்று ஒரு வகை உண்டு, திருப்பித் திருப்பிச் சரி செய்யலாம். சின்ன என்ஜினுக்கு நல்லது. இவ்வளவு கனமான ஹவுசிங்குக்கு ரீமரும் பெரிய பின்னும்தான் என் தேர்வு.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. க்ராங்க் 0.17 ஏறினால் க்ராங்க் கியர் மேலே இருக்கும் ஐட்லர் கியரை நெருங்கும், பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) குறையும், ஊளைச் சத்தம் வரும். பிஸ்டனும் ப்ளாக்குக்கு மேலே அதே 0.17 கூடுதலாக எட்டிப் பார்க்கும், அதற்கேற்ற தடிமனில் ஹெட் கேஸ்கெட் எடுக்கவேண்டும். நாளைக்கு ஐட்லர் பக்கம் டயலை வைக்கிறேன், ஹெட் கேஸ்கெட் வாங்குவது அதற்கு அப்புறம்தான்.