விட்டுவந்த சாமானைக் கேட்டு வாங்கலாம்

வேலூர் நேயர்களுக்கு வணக்கம். அத்தை வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ சில வருடம் இருந்துவிட்டு, ஒரு தகராறில் கட்டிய துணியோடு வெளியே வந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். தையல் மிஷின், பீரோ, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "குடும்ப விஷயம்மா, சிவில் கோர்ட்டுல பாத்துக்கோ" என்பார்கள். அதோடு பலர் மனதை விட்டுவிடுகிறார்கள். சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற எனக்கு அதுதான் ஆற்றாமை. இன்ன பொருள் என்னுடையது, அதையே திருப்பிக் கொடு என்று தாவா, அதாவது சிவில் வழக்கு, போட 1963ஆம் வருடத்து ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் வழி வைத்திருக்கிறது.

ஆனால் "என் சாமான் எல்லாம்" என்று கேட்டால் நிற்காது. ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

குடியாத்தத்துப் பெண் ஒருத்தி. அம்மா போன பிறகு காட்பாடியில் அத்தை வீட்டில் வளர்ந்தாள். வெளியேறியதும் அம்மாவின் பித்தளைச் சாமானைக் கேட்டாள். "அதெல்லாம் எங்க வீட்டுது" என்று பதில் வந்தது. ரசீது ஒன்றும் இல்லை. நான் கேட்டது ஒன்றுதான்: பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கிறதா? யோசித்து, அண்டாவின் கழுத்துக்குக் கீழே அம்மா பேரும் கல்யாணத் தேதியும் இருக்கும் என்றாள். தாவாவோடு, நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு வக்கீலை அனுப்பச் சொல்லும் கமிஷனர் மனுவும் போட்டோம். கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் அந்த வீட்டுக்குப் போய், பரணில் இருந்த அண்டாவை இறக்கச் சொல்லி, புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தார். பேரும் தேதியும் பளிச்சென்று தெரிந்தன. குடத்திலும் இருந்தது, குத்துவிளக்கின் அடியிலும் இருந்தது. எல்லாம் அறிக்கையில் ஏறியது. அப்புறம் வழக்கு விசாரணைக்கே போகவில்லை, சமரசம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கும்போது பேர் வெட்டக் கொடுக்கிற அந்தச் சின்னக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள், அம்மாமார்களே! பாத்திரத்துக்குப் பேர் மாதிரி, தையல் மிஷினுக்கு உடம்பில் அடித்த நம்பர், செல்போனுக்கு டப்பாவில் உள்ள நம்பர். பழைய கல்யாண போட்டோவில் பீரோ தெரிந்தாலும் உதவும்.

சரி, முதலில் செய்ய வேண்டியது என்ன? பட்டியல் எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியோடு நோட்டீஸ் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பூட்டை உடைத்து நீங்களே எடுக்கப் போகாதீர்கள், உங்கள் மேல் வழக்கு திரும்பும். காலக்கெடு பொதுவாக 3 வருடம். பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்த பொருளென்றால், கேட்டும் தர மறுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். சொந்தக்காரர்தானே, பொங்கல் போகட்டும், ஆடி போகட்டும் என்று இருந்தால் அந்த 3 வருடம் ஓடிவிடும்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். டிக்ரி, அதாவது வழக்கு முடிவில் கோர்ட் போடும் உத்தரவு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: பொருள் கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதும் டிக்ரியிலேயே இருக்கும், ஆகவே மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். டிக்ரிக்குப் பிறகும் தர மறுத்தால் நிறைவேற்று மனு போடலாம், கோர்ட் ஊழியரான அமீனா போய்ப் பொருளை எடுத்துத் தருவார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி 15100. வணக்கம்.