உடுமலையிலிருந்து மூணாறு: ஒரே சாலையில் இத்தனை காடா?

(காட்சி: சின்னார் சோதனைச்சாவடி, சாலையின் இரு பக்கமும் முள்காடு)

வணக்கம். ஒரு இடத்தில் என்ன காடு, என்ன விலங்கு என்பதை மழையும் குளிரும் எப்படி முடிவு செய்கின்றன என்று நேரில் பார்க்க வேண்டுமா? உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். 90 கிலோமீட்டருக்குள் எல்லாம் வந்துவிடும்.

முதலில் சின்னார். கேரளா என்றாலே பச்சைப்பசேல் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இங்கே முள்ளும் கள்ளியும் பாறையும்தான், கூடவே நட்சத்திர ஆமை. காரணம் மலை. ஜூனில் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது, இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரமும் குறைந்து, காற்றும் சூடாகிவிடுகிறது. அதனால்தான் இது மழை மறைவுப் பகுதி. சின்னாருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான்.

(காட்சி: ஆற்றோர மரங்கள், கிளையில் அணில்)

ஆற்றோரத்தை மட்டும் பாருங்கள். வேருக்குத் தண்ணீர் எட்டுவதால் நீர்மருது ஓங்கி நிற்கிறது. சாம்பல் நிற அணில் கூடு கட்டுவதும் இந்த மரங்களில்தான். தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவிப் போகிற உயிர் அது. கிளைகள் கோத்து நிற்கும் அந்த மெல்லிய பச்சைக் கோடு அறுந்தால் அணிலுக்கு வழியில்லை.

அப்புறம் மறையூர் சந்தன மரங்கள், அதைத் தாண்டித் தேயிலை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும்.

(காட்சி: இரவிகுளம், பள்ளத்தில் சோலை, சரிவில் புல்)

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 2,000 மீட்டரில் மழைக்குக் குறைவில்லை, ஆனாலும் மரம் பள்ளங்களில் மட்டும்தான், சரிவு முழுக்கப் புல். ஏன்? முக்கியமான காரணம் உறைபனி. ஜனவரி இரவில் திறந்த வெளியில் விழும் பனி மரக்கன்றைக் கருக்கிவிடும். புல்லுக்குக் குருத்து மண்ணை ஒட்டி இருப்பதால் மேலே கருகினாலும் மறுபடி துளிர்க்கும். சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் கன்று பிழைக்கிறது.

சரி, யாரோ காட்டை வெட்டியதால் வந்த புல்லா இது? இல்லவே இல்லை. இதே மாதிரி புல்லும் சோலையும் உள்ள நீலகிரியில், சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்து மக்கிய தாவரங்களை ஆராய்ந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், குளிரும் வறட்சியுமான காலத்தில், புல் ஓங்கியிருந்ததும், பின்னால் பருவமழை வலுத்தபோது சோலை பரவியதும் தெரிந்தது. இப்படிப்பட்ட புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, வெள்ளையர் காலத்திலிருந்து ஆஸ்திரேலியச் சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டார்கள், அதுவும் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. மரம் நட்டால் எங்கேயும் நல்லது என்பது தப்பு. சீகை உறைபனியைத் தாங்கிப் புல்லுக்குள் பரவுகிறது, வரையாட்டுக்கோ மேயப் புல்லும் ஒதுங்கச் செங்குத்துப் பாறையும் இரண்டும் வேண்டும்.

வரையாடு பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: பிப்ரவரி, மார்ச்சில் போகாதீர்கள். குட்டி ஈனும் காலம் என்பதால் வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள்.