27 நாடுகளுக்கு ஒரே வெளியுறவுக் கொள்கை, ஒரே ராணுவம்: ஏன் இவ்வளவு சிரமம்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன முறை உக்ரைனுக்கு ஐரோப்பா செய்யும் உதவிகளைப் பற்றிப் பேசினேன். அதைப் பார்த்துவிட்டு நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரே சந்தை இருக்கிறது, பெரும்பாலான நாடுகளில் ஒரே நாணயம் இருக்கிறது. வெளியுறவிலும் பாதுகாப்பிலும் மட்டும் ஏன் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்? ஹங்கேரி மாதிரி ஒரு நாடு முடியாது என்றால் எல்லாமே எப்படி நின்றுபோகிறது? ஐரோப்பிய ராணுவம் என்று ஒன்று வருமா, வராதா?"

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ராணுவம் என்பது அவர்களுக்குப் புதிய யோசனை இல்லை. யூரோ நாணயம் வருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே அதற்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

1950இல் கொரியப் போர் வெடித்தது. அடுத்து சோவியத் படை ஐரோப்பாவுக்குள் வருமோ என்று பயம். மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ஆயுதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கா அழுத்தியது. உலகப் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. ஜெர்மன் ராணுவம் என்ற பேச்சைக் கேட்டாலே பிரான்ஸுக்கு வயிற்றைக் கலக்கியது. பிரெஞ்சுப் பிரதமர் ரெனே ப்ளெவன் ஒரு வழி சொன்னார்: ஜெர்மனிக்குத் தனியாக ராணுவம் வேண்டாம், ஜெர்மன் வீரர்கள் ஓர் ஐரோப்பிய ராணுவத்துக்குள் இருக்கட்டும். 1952 மே மாதம் பாரிஸில் ஆறு நாடுகள் அதற்குக் கையெழுத்திட்டன. மேற்கு ஜெர்மனியும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் நாடுகளும் தங்கள் நாடாளுமன்றங்களில் ஒப்புதலும் வாங்கிவிட்டன. யோசனையைச் சொன்ன பிரான்ஸே கடைசியில் அதைக் கவிழ்த்தது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் 319க்கு 264 என்ற கணக்கில் அது தோற்றுப்போனது. கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள், டி கோலின் ஆதரவாளர்களும் எதிர்த்தார்கள். மறு வருடமே மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்ந்தது. அதிலிருந்து பாதுகாப்பு என்றால் நேட்டோ, அதாவது அமெரிக்கா என்றாகிவிட்டது. வியாபாரம், விவசாயம், எல்லைச் சுங்கம் எல்லாம், இன்றைய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தின் வேலை. இந்தப் பாகப்பிரிவினை ஏறக்குறைய 40 வருடம் அசையாமல் இருந்தது.

அதை அசைத்தது யூகோஸ்லாவியா. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இன்று நாம் பார்க்கும் பொது வெளியுறவுக் கொள்கை பிறந்த காலத்திலேயே தோற்றது இங்கேதான்.

1991 ஜூனில் யூகோஸ்லாவியாவிலிருந்து ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் பிரிந்ததும் சண்டை தொடங்கியது. ஐரோப்பியச் சமூகத்தின் சார்பில் பேசிய லக்சம்பர்க் வெளியுறவு அமைச்சர் ஜாக் பூஸ், இது அமெரிக்கர்களின் நேரம் அல்ல, ஐரோப்பாவின் நேரம் என்று அறிவித்தார். அந்த வருடம் டிசம்பரில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் தலைவர்கள் கூடி, இனி நமக்குப் பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை உண்டு என்று முடிவு செய்தார்கள். ஒரு வாரம்கூடக் கழியவில்லை, புதிய நாடுகளை எப்போது அங்கீகரிப்பது என்பதில் உரசல் வந்துவிட்டது. ஜனவரி 15 அன்று எல்லோரும் சேர்ந்து அங்கீகரிக்கலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். ஜெர்மனி அதற்கு முன்பே, டிசம்பர் 23 அன்றே, தன் பாட்டுக்கு அறிவித்துவிட்டது. அப்புறம் போஸ்னியாவில் போர். 1995 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில், டச்சு வீரர்கள் காவலுக்கு இருந்த இடத்தில், ஏறக்குறைய 8,000 ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படைகள் கொன்றன. நான்கு மாதம் கழித்து சமாதானம் பேசி முடித்த இடம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளம். ஐரோப்பாவில் நடந்த படுகொலையைத் தடுக்க ஐரோப்பாவால் முடியவில்லை. அந்த அவமானம் அந்தத் தலைமுறைத் தலைவர்களின் மனதில் ஆழமாக இறங்கியது.

1998 டிசம்பரில் பிரான்ஸின் சாங் மாலோ நகரில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரும் பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக்கும் சந்தித்து, ஐரோப்பாவுக்குத் தானாகச் செயல்படும் படைபலம் வேண்டும் என்று கூட்டறிக்கை விட்டதற்கு இந்தப் பின்னணிதான் காரணம். ஒரு வருடத்தில் இலக்கும் வைத்தார்கள்: 60 நாளில் 60,000 வீரர்கள் வரை அனுப்பும் திறன். நேட்டோவின் பொதுச் செயலாளராக இருந்த ஹாவியர் சொலானாவை வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைக்கான உயர் பிரதிநிதியாக நியமித்தார்கள். 2003இல் காங்கோவின் புனியா நகருக்குப் படை போனது. சோமாலியக் கடற்கொள்ளையரைத் தடுக்க 2008 முடிவில் கடற்படை போனது. அது நல்ல வேலை செய்தது என்றே சொல்வேன். ஆனால் பெரிய சோதனைகளில் பழைய கதைதான். 2003இல் ஈராக் போர் வந்தபோது பிரிட்டனும் ஸ்பெயினும் அமெரிக்கா பக்கம், பிரான்ஸும் ஜெர்மனியும் எதிர்ப்பக்கம். 2007இலிருந்து 1,500 பேர் கொண்ட போர்க்குழுக்களை மாற்றி மாற்றித் தயார்நிலையில் வைத்திருந்தார்கள். ஒரு தடவைகூட அவற்றைக் களத்துக்கு அனுப்பவில்லை.

சரி, இனி அந்த "முடியாது" விஷயத்துக்கு வருவோம்.

சந்தை, சுற்றுச்சூழல், வேளாண்மை போன்றவற்றில் ஒன்றியம் தகுதிப் பெரும்பான்மையில் முடிவெடுக்கும். 27இல் 15 நாடுகள் சேர்ந்து, அவற்றின் மக்கள்தொகை மொத்தத்தில் 65 சதவீதம் இருந்தால் போதும். வெளியுறவில் அப்படி இல்லை. ஒன்றியத்தின் இன்றைய விதிகளை வகுத்த லிஸ்பன் ஒப்பந்தத்துக்குப் பிறகும் 27 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். சிலவற்றைப் பெரும்பான்மை முறைக்கு மாற்றிக்கொள்ள ஒப்பந்தமே வழி வைத்திருக்கிறது. ஆனால் அப்படி மாற்றவும் 27 பேரின் சம்மதம் வேண்டும். ராணுவ விஷயங்களுக்கு அந்த வழியும் கிடையாது.

ஹங்கேரி பெயர்தான் அடிக்கடி வருகிறது. ஆனால் இதை ஹங்கேரி மட்டும் செய்யவில்லை. 2017இல் சீனாவின் மனித உரிமை பற்றி ஐ.நா.வில் ஒன்றியம் வெளியிட இருந்த அறிக்கையை கிரீஸ் தடுத்தது. 2020 ஆகஸ்டில் பெலாரஸில் தேர்தல் மோசடி நடந்து, தெருவில் இறங்கிய மக்களை அடித்து உதைத்தார்கள். பெலாரஸ் அதிகாரிகள் மீது தடை விதிப்பதில் எந்த நாட்டுக்கும் ஆட்சேபணை இல்லை. சைப்ரஸ் மட்டும், தன் கடலில் எரிவாயு துளையிடும் துருக்கி மீதும் தடை போட்டால்தான் இதற்குக் கையெழுத்து என்று பிடித்துக்கொண்டது. அக்டோபர்வரை இழுத்தது. அதற்குள் பிரிட்டனும் கனடாவும் தடை விதித்துவிட்டன. பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் தெருவில் அடிபட்டவர்களுக்கும் சைப்ரஸ் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மாதிரிப் பேரத்தை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் ஒரே நாடு எல்லாவற்றையும் தடுக்கும் இந்த வீட்டோவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு நாட்டின் பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பும் முடிவை யார் எடுப்பது? ஜெர்மனியில் 1994இல் அரசியல் சாசன நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வெளிநாட்டுக்கு ஆயுதப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். ஹிட்லர் காலத்தைப் பார்த்த நாடு வைத்துக்கொண்ட பூட்டு அது. அயர்லாந்து மக்கள் 2001இலும் 2008இலும் ஒன்றிய ஒப்பந்தங்களை வாக்கெடுப்பில் நிராகரித்தபோது, தங்கள் நடுநிலை போய்விடுமோ என்ற பயமும் அதில் கலந்திருந்தது. அவர்கள் ராணுவக் கூட்டணிக்குள் இழுக்கப்பட மாட்டார்கள் என்று உறுதி கொடுத்த பிறகுதான் மறு வாக்கெடுப்பு வென்றது. இதையெல்லாம் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்க முடியாது. உயிர் போகும் முடிவை எடுப்பவர்கள், அந்த உயிருக்குச் சொந்தக்காரர்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்களாக இருக்க வேண்டும்.

27 பேரும் ஒத்துக்கொண்டால் முடிவு சரியாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. 2006 மே மாதம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது இந்தப் பொது வெளியுறவுக் கொள்கையின் கீழ்தான், ஒருமனதாக, அப்போது 25 நாடுகள். இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் நார்வே, ஐஸ்லாந்து, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆகிய ஐந்து நாட்டவர் இருந்தார்கள். பட்டியலிட்ட ஒன்றியத்தின் ஆட்கள் நடுநிலையாளர்களாக இருக்க முடியாது என்று புலிகள் சொன்னதும், சுவீடன், பின்லாந்து, டென்மார்க் வெளியேறின. நார்வேயும் ஐஸ்லாந்தும்தான் மிச்சம். போர் மறுபடி மூண்டுகொண்டிருந்த நேரத்தில் களத்தில் கண்காணிப்பாளர்கள் குறைந்துபோனார்கள். பட்டியலிட்டது சரியா தவறா என்பது தனி விவாதம். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் ஒரே குரலில் எடுத்த முடிவு திருகோணமலையில் என்ன செய்யும் என்று எடுக்கும்போதே யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் உக்ரைன் போரில் இவ்வளவும் எப்படி நடந்தது? பக்கவாட்டு வழிகளில்தான். ஒன்றியத்தின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ராணுவ நடவடிக்கைகளுக்குப் பணம் எடுக்க ஒப்பந்தம் தடை செய்கிறது. அதனால் 2021இல் ஐரோப்பிய அமைதி வசதி என்று தனியாக ஒரு நிதி உருவாக்கியிருந்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை நுழைந்த சில நாளிலேயே அதிலிருந்து 50 கோடி யூரோ ஒதுக்கினார்கள். ஒன்றியம் என்ற முறையில் கொலை ஆயுதங்களுக்குப் பணம் கொடுத்தது அதுதான் முதல் முறை. அதே வருடம் உக்ரைன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தில் ஹங்கேரி எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. அதற்கும் ஒப்பந்தத்தில் இடம் உண்டு. 2023 டிசம்பரில் உக்ரைனுடன் உறுப்பினர் பேச்சு தொடங்கும் முடிவு வந்தபோது, ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் அறையை விட்டு வெளியே போனார், மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். ஆனால் அன்றிரவே 5,000 கோடி யூரோ உதவியைத் தடுத்துவிட்டார். அது பிப்ரவரியில்தான் நகர்ந்தது.

இப்போது பெரிய வழி, ஒப்பந்தத்தின் 122ஆம் பிரிவு. பொருளாதார நெருக்கடிக்காக வைத்த அவசரப் பிரிவு அது. பெரும்பான்மை போதும், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதமும் தேவையில்லை. ஆயுதம் வாங்க 15,000 கோடி யூரோ கடன் கொடுக்கும் திட்டத்தை 2025 மே மாதம் இந்தப் பிரிவில்தான் நிறைவேற்றினார்கள். முடக்கி வைத்த ரஷ்யச் சொத்துகள், ஏறக்குறைய 21,000 கோடி யூரோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருமனதாக நீட்டிக்கப்பட்டு வந்தன. அதையும் 2025 டிசம்பரில் இதே பிரிவைக் கொண்டு காலவரையின்றி முடக்கினார்கள். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் எதிர்த்தன, பலிக்கவில்லை.

காரியம் நடக்கிறது, உக்ரைன் மக்களுக்கு அது தேவை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்குக் கவலை தருவது வேறு. ஆயுதக் கடன் திட்டத்தில் தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஐரோப்பிய நாடாளுமன்றமே நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சபையைத் தாண்டிக்கொண்டு ஒரு கண்டம் ஆயுதம் சேர்ப்பது நல்லதல்ல, அவசரம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும். என்னைக் கேட்டால், தடைகள், மனித உரிமை அறிக்கைகள் ஆகியவற்றை வெளிப்படையாகவே பெரும்பான்மை வாக்குக்கு மாற்ற வேண்டும். வீரர்களை அனுப்பும் முடிவு அந்தந்த நாட்டு நாடாளுமன்றத்திடமே இருக்கட்டும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. செலவு குறைவு என்பது மட்டும் பிரச்சினை இல்லை, சிதறிக் கிடப்பதுதான். 2017இல் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கொடுத்த கணக்கில் ஐரோப்பாவில் 17 வகைப் போர் டாங்கிகள், அமெரிக்காவில் ஒன்று. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிபாகம், தனி மெக்கானிக், தனிப் பயிற்சி. உக்ரைனுக்கு 12 மாதத்தில் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக 2023இல் வாக்குக் கொடுத்து, 2024 மார்ச்சில் பாதியளவுதான் கொடுக்க முடிந்தது.

கடைசிக் கேள்வி, ஐரோப்பிய ராணுவம் வருமா? 1952இல் எழுதிய மாதிரி ஒரே சீருடை, ஒரே தளபதி என்று அடுத்த பத்து, பதினைந்து வருடத்தில் வரும் என்று நான் நினைக்கவில்லை. தேவைப்படும் நாடுகள் சேர்ந்து ஆயுதம் வாங்கும், சேர்ந்து பயிற்சி எடுக்கும். 5,000 பேர் கொண்ட விரைவுப் படை மாதிரி ஏற்பாடுகள் பெருகும். ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவர்கள் உதவ வேண்டும் என்று ஒன்றிய ஒப்பந்தத்தின் 42ஆம் பிரிவு ஏழாம் உட்பிரிவில் இப்போதே இருக்கிறது. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு பிரான்ஸ் அதைப் பயன்படுத்தியது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு படையும் புறப்படவில்லை. பிரான்ஸ் ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியாகப் பேசியது. ஜெர்மனி உளவு விமானங்களையும் ஒரு போர்க்கப்பலையும் அனுப்பியது, அதுவும் தன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்த பிறகு.